அப்பாவுக்கு நாடகம் காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. இருந்தாலும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். "நன்றிங்கறத நம்ம பாஷையில சொன்னாத்தான் மனசாரச் சொன்ன மாதிரி இருக்கும். அப்புறம் நீ இங்கிலீஷ்ல எழுதிக்கோ" என்றார். ஊருக்குப் போனபின் இரண்டு தடவை போன் செய்து எழுதிவிட்டாயா என்று கேட்டும்விட்டார்.

அப்பாவுக்கு 79 வயது. தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தியவர். பி.ஏ. மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நடத்துவது என்றால் அவருக்கு உயிர். கப்பல் உடைந்து இரட்டைப் பிள்ளைகளான அண்ணனும் தங்கையும் பிரிந்துபோகிறார்கள். மற்றவர் கடலோடு போய்விட்டார் என்றே இருவரும் நம்புகிறார்கள். கடைசியில் நேருக்கு நேர் பார்த்தும் நம்ப முடியாமல், "என் அப்பாவுக்கு நெற்றியில் ஒரு மச்சம் இருந்தது", "என் அப்பாவுக்கும்தான்" என்று சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். இந்த இடம் வந்ததும் பையன்கள் எல்லாம், "சார், நம்ம சினிமா மச்சம் சார்!" என்று சிரிப்பார்களாம். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தக் கட்டத்தை மறுபடி ஒருமுறை மெதுவாக வாசித்துக் காட்டுவாராம். அப்போது வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது என்பார்.

அந்த நாடகத்தை அவர் மேடையில் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் யார் போடுவார்கள்? மேடையில்லாமலே 31 வருடம் நடத்தியிருக்கிறார்.

2025 கோடையில் அப்பா எங்களோடு நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் இருந்தார். அதே ஆகஸ்டில்தான் மன்ஹாட்டன் சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கம் மறுபடி திறந்தது. 2023இல் 'ஹாம்லெட்' முடிந்ததும் புதுப்பிப்பதற்காக மூடியிருந்தார்கள். சுமார் எட்டரைக் கோடி டாலர் செலவில் வேலை முடித்துத் திறந்தபோது போட்ட முதல் நாடகம் 'ட்வெல்ஃப்த் நைட்'. செய்தியைப் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அன்றே தீர்மானித்துவிட்டேன்.

டிக்கெட் இலவசம். இலவசம் என்பதால்தான் கிடைப்பது கஷ்டம். முதல் முறை நாங்கள் ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் போய் நின்றோம். வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் வரை வளைந்து போயிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள், எங்கள் முறைக்கு வெகு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "பரவால்லம்மா, பார்க்கைப் பாத்தாச்சுல்ல" என்றார். அவர் குரல் எனக்குத் தெரியாதா?

அப்போது எங்களுக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பையன்தான் கூப்பிட்டான். அவனுக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் நின்று, பொறுமையாகச் சொன்னான்: 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்தே காத்திருக்கலாம், பூங்கா திறக்கும் காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், ஆளுக்கு இரண்டு டிக்கெட் தருவார்கள், நடுவில் இடம் பிடித்துக் கொடுப்பதெல்லாம் நடக்காது. போனில் படம் எடுத்து எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினான். தம்பி, உனக்கு முதல் நன்றி. நீயும் பிறகு ஒருநாள் நாடகம் பார்த்திருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டாவது முறைக்கு எங்கள் கட்டிடமே கிளம்பியது என்று சொல்லலாம். முதல் மாடி அண்ணன் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், படுக்காமல் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டார். குயின்ஸ்போரோ பாலம் ஏறும்போது இன்னும் இருட்டு. 81ஆவது தெருவில் இறக்கிவிட்டு, அப்பா கையில் ஒரு மடக்கு நாற்காலியையும் கொடுத்து, "முடிஞ்சதும் கூப்பிடுங்க சார், எந்நேரமானாலும் வரேன்" என்றார். அதே மாதிரி ராத்திரி வந்தும் நின்றார். அண்ணா, நேரில் சொன்னால் கையை ஆட்டி மறுத்துவிடுவீர்கள். இங்கே சொல்லிவிட்டேன், மறுக்க முடியாது.

மூன்றாம் மாடி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். முந்தின நாள் இரவே பருத்தித்துறை வடை தட்டி, ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். "வெறும் வயித்தோட இருக்காதேங்கோ ஐயா, வரிசையில நிண்டால் பசிக்கும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா, அந்த வடை பெஞ்சு பெஞ்சாகப் போனது. ஒருவர் செய்முறை கேட்டார். எழுதித் தருகிறேன் என்று உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வட்டார நூலகத்தில் வேலை செய்யும் அம்மையாருக்கும் நன்றி. அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் நாடகப் பிரதி வேண்டும் என்று கேட்டபோது, வேறு கிளையிலிருந்து நாலே நாளில் வரவழைத்தார். ஊரில் அப்பா வைத்திருக்கும் பிரதியில் அட்டையே கிடையாது, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. இதை வாங்கியதும் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "எழுதக்கூடாதுல்ல" என்றார்.

இனி, என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாத ஒருவர்.

முதியவர் வரிசையில் எங்களுக்கு அடுத்த பெஞ்சில் நீலத் தொப்பி போட்ட ஓர் அம்மா, மடியில் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். 80 வயது என்று அவரே சொன்னார். பத்து மணி வாக்கில் அப்பாவின் காதுக் கருவி பீப் பீப் என்று அடித்து நின்றுபோனது. மாற்று பேட்டரி வீட்டிலேயே மேசை மேல் இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரும்பிப் போய் எடுத்து வரலாம், ஆனால் அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? காது கேட்காமல் இந்த நாடகத்தைப் பார்ப்பதா?

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கருவியை உள்ளங்கையில் வாங்கி, மூடியைத் திறந்து, செத்த பேட்டரியை நிமிண்டி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தன் கைப்பையிலிருந்து வட்டமான ஓர் அட்டையை எடுத்தார். ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரிகள். அப்பாவுடையதும் அதே ஆரஞ்சு, பதிமூன்றாம் எண். ஒன்றை எடுத்து ஸ்டிக்கரை உரித்தார். உடனே போடவில்லை. காற்றுப் பட வேண்டும், ஒரு நிமிடம் பொறு என்று விரலைக் காட்டினார். பேட்டரியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் அந்த ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கருவிக்குள் போட்டு, அப்பா காதில் மாட்டியதும், "கேக்குது" என்று அப்பா தமிழில் சொன்னார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் மிச்சமிருந்த ஐந்தையும் அப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவர்கள் பேசியதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மால்வோலியோவைப் பற்றிச் சண்டை. எஜமானிக்கு என்மேல் காதல் என்று பொய்க் கடிதத்தை நம்பி, மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு அவமானப்படும் அந்தக் காரியஸ்தனுக்கு அவ்வளவு தண்டனை தேவையா? தேவை, அவன் கர்வி என்பது அந்த அம்மாவின் கட்சி. அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. இருட்டறையில் அடைத்துவிட்டுச் சிரிக்கிறார்களே, அந்த இடம் வரும்போது என் மாணவர்கள் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றார். ஓய்வு பெற்ற இருபத்தொரு வருடத்தில் அப்பா இப்படிக் குரல் ஏற்றி வாதாடி நான் பார்த்ததில்லை. முன்பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு வகுப்பே கூடிவிட்டது.

டெலகோர்ட் அரங்கத்தின் கதையையும் அந்த அம்மாதான் சொன்னார். ஜோசப் பாப் என்பவர் 1950களில் ஷேக்ஸ்பியரை நியூயார்க்கில் பேட்டை பேட்டையாக லாரியில் கொண்டுபோய்ப் பூங்காக்களில் இலவசமாகப் போட்டார். புரூக்ளினில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் இத்திஷ் மொழி. ஷேக்ஸ்பியர் அவருக்குக் கிடைத்தது பொது நூலகத்தில். 1959இல் நகரப் பூங்காக்களின் ஆணையர் ராபர்ட் மோசஸ், கூட்டம் மிதித்துப் புல் அழிகிறது, அந்தச் செலவுக்குக் கட்டணம் வசூலியுங்கள் என்றார். பாப் மறுத்தார், நீதிமன்றம் போனார், மேல்முறையீட்டில் ஜெயித்தார். அதன் பிறகு மோசஸே நிரந்தர அரங்கத்துக்கு நகரத்திடம் பணம் கேட்டதுதான் ஆச்சரியம். பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட்டும் பணம் கொடுத்தார். 1962 ஜூனில் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தோடு அரங்கம் திறந்தது. அந்த நாடகத்தை அந்த அம்மா தன் பதினேழாவது வயதில் அண்ணனோடு வந்து பார்த்தாராம். ஷைலாக்காக ஜார்ஜ் சி. ஸ்காட். மொராக்கோ இளவரசனாக வந்த இளைஞர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், இவர் குரலைத்தான் பிற்பாடு 'ஸ்டார் வார்ஸ்' பட வில்லன் டார்த் வேடரின் குரலாக உலகமே கேட்டது.

பாப் 1991இல் இறந்துவிட்டார். அவருக்கும் நன்றி சொல்லச் சொன்னார் அப்பா. அன்றைக்கு அவர் ஒரு டாலர் வாங்க ஒத்துக்கொண்டிருந்தால், அது இன்றைக்கு நூறு டாலராகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அந்த வரிசையும் இல்லை, பெஞ்சும் இல்லை, பேட்டரியும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் கையில் வந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

இரவு எட்டு மணி. நடிப்பிடத்துக்குப் பின்னால் ஆமைக் குளம், அதற்கும் மேலே பாறையில் பெல்வெடேர் கோட்டை. அரங்கத்தின் வெளிச்சுவரில் புதிதாக அடித்திருக்கும் பலகைகள், நகரத்து மொட்டைமாடிகளில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டிகளின் ரெட்வுட் மரம் என்று சொன்னேன். அப்பா போகிற போக்கில் தட்டிப் பார்த்தார். எங்கள் இருக்கைவரை கைபிடித்து அழைத்துப்போன பணியாளர், ஒவ்வொரு படிக்கும் நின்று, அப்பா மூச்சு வாங்கும் வரை காத்திருந்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. உங்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் நன்றி.

உட்கார்ந்ததும் அப்பா சுற்றிலும் பார்த்தார். சுமார் 1,800 பேர். "மெலட்டூர் மாதிரி இருக்கும்மா" என்றார். தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் வருடாவருடம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சன்னதித் தெருவில் ராத்திரியில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். டிக்கெட் கிடையாது. சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து பிரகலாத சரித்திரம் பார்த்தவர் அப்பா. ஆண்களே பெண் வேடம் கட்டுவார்கள், ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனைப் போலவே.

ஒன்பது மணிக்கு மேல் தூறல். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது, நடிகர்கள் உள்ளே போனார்கள். எழுந்து போனவர்கள் மிகக் குறைவு. இடப்பக்கம் இருந்த பெண் தன் பிளாஸ்டிக் மழைக்கோட்டை விரித்து அப்பா தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் வலத் தோள் முழுக்க நனைந்தது. அப்பாவோ, "காது மெஷின் நனையக்கூடாதும்மா" என்று என்னிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மழை விட்டதும் கறுப்புச் சட்டைக்காரர்கள் துண்டும் துடைப்பானுமாக வந்து, மண்டியிட்டு மேடையின் ஒவ்வொரு மூலையையும் துடைத்தார்கள். ஆட்டம் நின்ற நேரத்தில் வேலை செய்த அவர்களுக்குத்தான் அன்றைக்கு முதல் கைத்தட்டல். அவர்களையும் இந்த மடலில் சேர்க்கச் சொன்னார் அப்பா.

தங்கை வயோலாவாக லுபிடா நியோங்கோ. அவருடைய அண்ணனாக, நிஜத்தில் அவரோடு கூடப் பிறந்த தம்பி ஜூனியர் நியோங்கோ. இருவரும் கென்யக் குடும்பத்துப் பிள்ளைகள், இயக்குநர் சஹீம் அலியும் கென்யாவில் பிறந்தவர். இரட்டையர் பேச்சில் சுவாஹிலி கலந்து வந்தது. அப்பா என் பக்கம் சாய்ந்து, "இது இங்கிலீஷ் இல்லையே?" என்றார். சுவாஹிலி அப்பா, அவங்க ஊர் பாஷை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிதான். அண்ணனும் தங்கச்சியும் வீட்டுப் பாஷையிலதானே பேசிக்குவாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணவே இல்லை பாரேன்" என்றார். கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் கட்டத்தில் என் கையைப் பிடித்தவர், முடியும் வரை விடவில்லை. மடியில் பெரிய எழுத்துப் புத்தகம் திறக்காமலே இருந்தது.

வெளியே இருட்டுப் பாதையில் ஓர் இளம் ஜோடி போன் விளக்கை அப்பாவின் காலடியில் அடித்துக்கொண்டே 81ஆவது தெரு வரை எங்கள் வேகத்துக்கு நடந்து வந்தார்கள். அவர்கள் பெயரையும் கேட்க மறந்தேன். நன்றி.

நீலத் தொப்பி அம்மாவை அன்றிரவு கூட்டத்தில் தேடினோம், காணவில்லை. முதியவர் வரிசையில் வாடிக்கையாக உட்காருகிறவர். நியூயார்க்கில் இருக்கும் யாராவது அடுத்த கோடையில் அவரைப் பார்த்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அந்த அட்டையில் கடைசியாக மிஞ்சிய ஒரு பேட்டரியை அப்பா போடவில்லை, ஊரில் தன் பழைய புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இரண்டாவது, மால்வோலியோ விஷயத்தில் அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
தமிழாசையுள்ள ஓர் ஆங்கில வாத்தியாரின் மகள்
குயின்ஸ், நியூயார்க்