வெளிநாடு போன ஆசிரியர்கள் ஊரை மறந்தவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்த ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு இளம் ஆசிரியர்கள் பணத்துக்காக வெளிநாடு ஓடுகிறார்கள் என்று ஒரு வாசகர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். லீவுக்கு ஊர் வந்த இடத்தில் அதைப் படித்தேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். 2017-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினேன், சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் 2018-ல் அரசாணை 149 வந்து, தேறியவர்களும் அரசுப் பள்ளி வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றாகிவிட்டது. தனியார் பள்ளியில் மாதம் 8,000 ரூபாய்க்கு நான்கு வருஷம் ஓட்டினேன். வீட்டில் பி.எட். படிக்க வாங்கிய கடன் அப்படியே நின்றது. ஆமாம், பணத்துக்காகத்தான் போனேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அங்கே எனக்குக் கிடைத்தது பணம் மட்டுமில்லை. அவர்கள் மொழி திவேஹி, வலமிருந்து இடமாக எழுதுவார்கள். முதல் வாரம் ஒரு பையன் எண்கோட்டை வலது ஓரத்தில் பூஜ்யம் போட்டு ஆரம்பித்திருந்தான், நான் தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவன் கை பழகிய திசை அது. அன்றிலிருந்து பேனாவை எடுக்கும் முன் ஏன் இப்படிப் போட்டாய் என்று பிள்ளையிடம் கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பையனின் அப்பா வேறொரு தீவில் ரிசார்ட் வேலை, வீட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, அதனால் வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வைபர் ஆப்பில் அவரைக் கூப்பிடுவேன். பையன் அந்த வாரத்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனுக்கு நேராகப் பிடிப்பான், அவர் சமையல்கட்டுச் சத்தத்துக்கு நடுவில் நின்று எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். ஐந்து நிமிஷம்தான். அதற்காகவே அவன் வாரம் முழுக்க வீட்டுப்பாடம் முடித்துவிடுவான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்தான் ஞாபகம் வரும். இங்கேயும் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் பாட்டி வீட்டில். எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒரு பொங்கல் லீவுக்குப் பிறகு வரவே இல்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அடுத்த வருஷமே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அவள் அப்பாவின் போன் நம்பர்கூடப் பள்ளியில் யாரிடமும் இல்லை. யாராவது ஒருவர் கூப்பிட்டுப் பேசியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷம் என் ஒப்பந்தம் முடிகிறது, கடனும் அதற்குள் முடிந்துவிடும். திரும்பி வந்து போட்டித் தேர்வு எழுதுவேன். அதுவரை பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக வேலை கிடைத்தாலும் சரி, மலையோரப் பள்ளியாக இருந்தாலும் சரி, போவேன். முதல் வாரமே வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு அப்பா அம்மாவின் நம்பரையும் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். என்னை அனுப்பிய ஏஜென்ட் ஒன்றரை லட்சம் வாங்கினார், அதை அடைக்கவே முதல் வருஷம் போய்விட்டது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போதும் பி.எட். முடித்த பிள்ளைகள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரு கணித ஆசிரியை,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.