மரத்தைச் சுற்றி சிமென்ட் போடாதே

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். வேளச்சேரி வளாகத்தில் திங்கட்கிழமை பேவர் பிளாக் வேலை தொடங்குகிறதாமே, பத்து மரங்களுக்கும் அடிவரை சிமென்ட் பூசப்போகிறார்களாமே! மெஸ் சாம்பாரில் முருங்கைத் துண்டை எண்ணிச் சண்டை போட்டவன் நீ, இதற்கு எப்படியடா தலையாட்டினாய்?

மழைநீரை மரம் இலையால் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இலை பிடிப்பது முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பெரிய வேலை அடிமண்ணில் நடக்கிறது. வேர் செத்த தடமும் மண்புழு வளையும்தான் தண்ணீர் இறங்கும் வழி. தரையை அழுத்தி இறுக்கும் கம்பாக்டரை ஓட்டினால் களிமண்ணில் முதலில் நசுங்குவது அந்த வழிகள்தான். மேலே தண்ணீர் தேங்கும்; கீழே வேர் மூச்சுத் திணறும். அப்புறம் 2016 வர்தா புயல் மாதிரி ஒரு காற்று வந்தால் மரம் நிற்குமா?

மேஸ்திரியிடம் இப்படிச் சொல். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 3 மீட்டருக்கு 3 மீட்டர் மண் திறந்திருக்கட்டும். பழைய கல்லையும் அடியிலுள்ள கிரஷர் தூளையும் (கல் உடைத்த பொடி) கையால் அள்ளினாலே 15 செ.மீ. பள்ளம் கிடைக்கும். அதற்குக் கீழே தோண்ட விடாதே, உணவுறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, 60 செ.மீ.க்கு ஒன்றாக, 45 செ.மீ. ஆழத்துக்குக் கடப்பாரையால் துளையிட்டு மக்கிய உரத்தை நிரப்பு. வேர் தட்டினால் துளையை நகர்த்து. களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்பார்கள், இறுகத்தான் செய்யும். மேலே 5 செ.மீ. மக்கு உரம், அதன்மேல் காய்ந்த இலை. தண்டைத் தொட்டு இலை குவிந்தால் பட்டை அழுகும், ஒரு சாண் விலக்கி வை.

விளிம்புக் கல்லில் 30 செ.மீ. இடைவெளி விட்டால் பாதைத் தண்ணீர் உள்ளே வரும். அந்த இடைவெளியில் கருங்கல் ஜல்லி பரப்பினால் வண்டல் அங்கேயே தங்கும். அதை மாதம் ஒருமுறை வாரவேண்டும். சிமென்ட் கலவை கழுவிய தண்ணீரை மட்டும் குழியில் ஊற்றவே கூடாது. அந்தச் சுண்ணாம்புக் காரம் வேரைக் கருக்கிவிடும்.

குழியில் 10 செ.மீ. தண்ணீர் நின்றாலே மரத்துக்கு 900 லிட்டர். பத்து மரத்துக்கு 9,000, ஒரு லாரித் தண்ணீர்! 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழையை இது தடுக்காது, அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. ஆனால் ஐப்பசியில் அரைமணி மழைக்கே உங்கள் கேட் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அது குறையும்.

வேலைக்கு முன் ஒரு சோதனை செய். 30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிடு. மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அள. ஒரு செ.மீ.கூட இறங்காவிட்டால் தேங்கும் ஆழத்தைப் பாதியாக்கி, மிகுதி நீர் வடிகாலுக்குப் போக ஒரு குழாய் வை. இரண்டு நாளுக்குமேல் தண்ணீர் நின்றால் கொசு வந்துவிடும், அப்புறம் வளாகச் செயலாளரை உன்னால் சமாளிக்க முடியாது.

அளந்ததும் கணக்கை எழுது. கமலா அக்காவுக்கு என் வணக்கம்.

உன்,
ராகவன்