டெக்கிலா கடைசியில் சேரட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

டிசம்பர் 20 ராத்திரி ஆபீஸ் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாய், மெக்சிகோக்காரர்கள் பாதி நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாதி, என்ன கலந்து கொடுப்பது என்று கேட்டாய். போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். கப்பல் பாரில் வேலை பார்த்த காலத்தில் புவேர்ட்டோ வயார்ட்டா துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் எதை எப்படிக் குடிக்கிறார்கள் என்று நின்று பார்ப்பேன். நீ இருக்கிற குவாடலஹாராவும் மெக்சிகோவில் அதே ஹலிஸ்கோ மாநிலம்தான், டெக்கிலா என்ற ஊரே உனக்குப் பக்கம், அதனால் சரக்குக்குக் கவலை இல்லை.

பத்து பாட்டில் வாங்கி அடுக்காதே. மூன்று பானம் போதும், ஆனால் மூன்றுமே மது சேர்க்காமலே ருசியாக இருக்க வேண்டும். டெக்கிலா கடைசியில், அவரவர் கோப்பையில், கேட்டவருக்கு மட்டும். உன் கூட்டத்தில் நிறையப் பேர் குடிக்க மாட்டார்கள், ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று வேறு சொன்னாய். அவர்களை ஒரு கோலா டின்னோடு ஓரமாக உட்கார வைப்பது விருந்தே இல்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று கூச்சத்தோடு சொல்கிறவர்களை பாரில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் அதே கண்ணாடி டம்ளரில் அதே அலங்காரத்தோடு ஒன்றை நீட்டினால் முகம் மலர்ந்துவிடும்.

முதலில் போன்சே. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது ராத்திரியும் மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததை நினைத்து அங்கே போசாடா நடத்துவார்கள் இல்லையா, அதற்கு இந்தச் சூடான பழக்கஷாயம் இல்லாமல் முடியாது. சான் ஹுவான் தே தியோஸ் மார்க்கெட்டில் தெஹோகோத்தே என்று மஞ்சளாக, சின்ன எலுமிச்சை அளவில் ஒரு பழம் குவித்து வைத்திருப்பார்கள், அரை கிலோ வாங்கு. கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். ஐந்து லிட்டர் தண்ணீரில் அதையும், கரும்புத் துண்டுகள், இரண்டு பட்டை, பிலோன்சியோ வெல்லம் இரண்டு கூம்பு, தோல் உரித்த புளி நாலைந்து, ஒரு பிடி காய்ந்த ஹமாய்க்கா பூ (நம்ம புளிச்சகீரை இனத்துச் செடியின் பூ) எல்லாவற்றையும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடு. கொய்யாவையும் ஆப்பிளையும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் கரைந்து கூழாகிவிடும். தெஹோகோத்தே தன் பசையை விட்டுக் கஷாயத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும், அந்தப் பதம் வந்ததும் அடுப்பைத் தணித்துவிடு. மது வேண்டும் என்கிறவர் கோப்பையில் மட்டும் 30 மில்லி ரெப்போசாடோ (சில மாதம் மரப்பீப்பாயில் வைத்த) டெக்கிலாவோ ரம்மோ ஊற்று. பானையில் ஊற்றவே கூடாது, கொதியில் பாதி ஆவியாகிப் போகும், யார் எவ்வளவு குடித்தார்கள் என்ற கணக்கும் போய்விடும். குழந்தைகளும் அதே பானையில் மொண்டு குடிப்பார்களே!

அடுத்தது பலோமா. வெளியூர்க்காரர்கள் மெக்சிகோ என்றாலே மார்கரிட்டா என்பார்கள், ஆனால் அந்த ஊர் வீடுகளில் சுலபமாகக் கலக்குவது இதைத்தான். டம்ளர் விளிம்பில் பாதிச் சுற்றுக்கு மட்டும் எலுமிச்சை தடவி உப்பில் ஒற்று, உப்பு வேண்டாதவர் மறுபக்கம் வாய் வைக்கட்டும். டம்ளர் நிறைய ஐஸ், 50 மில்லி பிளாங்கோ (நிறமில்லாத வெள்ளை டெக்கிலா), 15 மில்லி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, அதன்மேல் 120 மில்லி கிரேப்ஃப்ரூட் சோடா, அதாவது பம்ப்ளிமாஸ் இனத்து தொரோன்ஹா பழம் போட்ட சோடா. கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிடு, கலக்கக் கலக்க கேஸ் போய்விடும். டெக்கிலா இல்லாமலும் இது அருமையாக இருக்கும், எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிக்கொள். அங்கே கிடைக்கிற சின்ன எலுமிச்சை நம்ம ஊர் எலுமிச்சையேதான், புளிப்பு உனக்குப் பழக்கம். சாறு அன்றைக்குச் சாயங்காலம்தான் பிழிய வேண்டும், முந்தின நாள் சாறு கசக்கும்.

கான்டாரிட்டோ மண்குவளை கிடைத்தால் பலோமாவை அதிலேயே கொடு. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் நம்ம வீட்டு மண்பானை மாதிரி தானாகவே குளிர்ச்சி பிடித்து வைக்கும்.

மூன்றாவது ஹமாய்க்கா, போன்சேயில் போட்ட அதே பூ. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு பிடி பூவைப் போட்டுக் கால் மணி நேரம் மூடி வை, வடிகட்டிச் சர்க்கரை சேர், குளிரவை. அவ்வளவுதான். மது கேட்டால் அதில் 60 மில்லி, டெக்கிலா 45, எலுமிச்சை 15, ஐஸோடு ஷேக்கரில் போட்டு வெளிப்பக்கம் பனி பூக்கிற வரை குலுக்கி வடி.

பாட்டில் வாங்கும்போது லேபிளில் நூறு சதவீதம் அகாவே (டெக்கிலா வடிக்கிற, கற்றாழை மாதிரியான செடி) என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார். அப்படிப் போடாததில் 49 சதவீதம் வரை வேறு சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. விலை உயர்ந்த, பீப்பாயில் நாள்பட வைத்த அன்யேஹோ டெக்கிலாவைச் சோடாவில் ஊற்றி வீணாக்காதே, அதைத் தனியாகச் சப்பிக் குடிக்கிறவர்களுக்கு விட்டுவிடு.

ஒரு ஜிகர், அதாவது மது அளக்கிற சின்னக் கோப்பை, வாங்கிக்கொள். கண்ணளவில் ஊற்றாதே, யார் கேட்டாலும் சரி. வீட்டு விருந்தில் ஆள் விழுவது டெக்கிலாவால் மட்டும் இல்லை, ஊற்றுகிறவன் சந்தோஷத்தில் கை தாராளமாகிவிடுவதால்தான். ஒருத்தர் மூன்றாவது கேட்கும்போது முதலில் ஒரு தட்டுச் சாப்பாட்டை நீட்டு. கார் கொண்டு வந்தவர்களிடம் சாவியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடு, தயங்காதே தம்பி, போகும்போது டாக்சி கூப்பிட்டு ஏற்றிவிடுவது உன் பொறுப்பு.

ஐஸ் தலைக்கு ஒரு கிலோ கணக்கு வை, வீட்டு ஃப்ரீசரை நம்பாதே. அம்மா உனக்கு முந்திரி வறுத்துத் தரச் சொல்கிறாள், பார்சல் போய்ச் சேராது என்று சொல்லிவிட்டேன், அங்கேயே வேர்க்கடலையை மிளகாயும் எலுமிச்சையும் போட்டு விற்பார்கள், அதை வாங்கி வை. தெஹோகோத்தே கிடைத்ததா என்று சனிக்கிழமைக்குள் எழுது, கிடைக்காவிட்டால் ஆப்பிளை எவ்வளவு கூட்டுவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா