அந்தக் கப்பலுக்கும் ஒரு பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் ஆர்க்டிக் கான்வாய்கள், அதாவது இரண்டாம் உலகப் போரில் வடதுருவக் கடல் வழியாக ரஷ்யாவுக்குப் போர்ச் சரக்கு கொண்டுபோன கப்பல் கூட்டங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1941 ஆகஸ்ட் முதல் 1945 மே வரை 78 கான்வாய்கள், ஏறக்குறைய 1,400 சரக்குக் கப்பல்கள், அதில் மூழ்கியவை 85 என்று கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. டிர்பிட்ஸ், ஷார்ன்ஹார்ஸ்ட், ஷெஃபீல்டு என்று போர்க்கப்பல்களுக்கு வரிசையாகப் பெயர் சொல்லியிருந்தீர்கள். சரக்குக் கப்பல் ஒன்றின் பெயர்கூட இல்லை. போதாததற்கு, டெக்கில் லாரிப் பெட்டிகளைக் கட்டிவைத்திருக்கும் படத்துக்குக் கீழே 'போர்க்கப்பல்' என்று போட்டிருக்கிறீர்கள். சரக்குத் தூக்கும் டெரிக் நாலை நட்டுக்கொண்டு நிற்கிறது, அது எப்படி ஐயா போர்க்கப்பல் ஆகும்?

முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பலில் ஓடி, டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசனாக ஓய்வு பெற்றவன் நான். நிலக்கரி ஏற்ற, வட ரஷ்யத் துறைமுகமான மூர்மான்ஸ்க்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் பனிக்காலம். அங்கே கோலா வளைகுடா உறையாது. வெதுவெதுப்பான நீரோட்டம் அதுவரை வந்து சேர்வதால் தண்ணீர் கறுப்பாகத் திறந்தே கிடக்கும், மேலே ஆவி பறக்கும். ஆனால் டெக்கில் தெறிக்கிற தண்ணீர் விழுந்த இடத்திலேயே கட்டியாகிவிடும். கயிறு இழுக்கும் வின்ச்சுக்கு ஆவி விட்டு, மரச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கயிறை அசைக்க முடியும். அந்த வளைகுடாவின் மேற்குக் கரையில் மிஷுகோவோ என்று ஓர் இடம். டோவர் ஹில் என்ற கப்பலுக்கு அங்கே நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

1918இல் கட்டியது, 5,815 டன், கரியில் ஓடும் கிழட்டுக் கப்பல். ஷெஃபீல்டின் பீரங்கிக் கூண்டு மேல்தகட்டை அலை பிய்த்தெறிந்தது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதே புயலில், அதே ஜேடபிள்யூ 53 என்ற கான்வாயில்தான் இதுவும் போனது. 1943 பிப்ரவரி 15, ஸ்காட்லாந்தின் லாக் யூவிலிருந்து கிளம்பினார்கள். போர்க்கப்பலுக்கே அந்தக் கதி என்றால் இதன் நிலை எப்படி இருந்திருக்கும்! டெக்கில் இருந்த லாரிப் பெட்டிகள் நொறுங்கிக் கடலில் போயின. டாங்கிகளை மட்டும் எப்படியோ காப்பாற்றிக் கொண்டுபோய் மூர்மான்ஸ்க்கில் இறக்கிவிட்டார்கள்.

சரக்கை இறக்கியாயிற்று, இனி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மிஷுகோவோவில் நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். ஜெர்மானிய விமானத் தளம் சில நிமிடப் பறப்புத் தூரத்தில். ஏப்ரல் 4 அன்று விமானங்கள் வந்து நாலு குண்டு போட்டன. மூன்று பக்கத்திலேயே வெடித்தன. நாலாவது மேல் டெக்கைத் துளைத்து, அதற்குக் கீழே உள்ள ட்வீன் டெக்கையும் துளைத்து, எரிகரி கொட்டிவைக்கும் பங்கருக்குள் புகுந்து அப்படியே கிடந்தது. வெடிக்கவில்லை.

குண்டை அகற்றத் தெரிந்த பிரிட்டிஷ் ஆள் வட ரஷ்யா முழுக்கத் தேடினாலும் கிடையாது. கேப்டன் வில்ஃபிரட் பெரின் ஆட்களைக் கூப்பிட்டு, நாமேதான் எடுக்க வேண்டும் என்றார். முன்வந்தவர்கள் இருபது பேருக்குள். ரஷ்யர்களிடம் ஷவலும் கடப்பாரையும் இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஜேசன் என்ற கடற்படைக் கப்பலை உதவிக்கு நிறுத்தினார்கள், ஆனால் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு!

கரி அள்ளியவர்களுக்கு இது புரியும். கரியில் கிணறு மாதிரி நேராகக் குழி தோண்ட முடியாது. எங்கள் ஊர் உப்பு அம்பாரத்தில் அடியில் ஒரு கூடை எடுத்துப் பாருங்கள், மேலே இருந்து மூன்று கூடை சரிந்து வந்து உட்காரும். ஒரு அடி இறங்க வேண்டும் என்றால் சுற்றிலும் அகலமாக அள்ளிக்கொண்டே போக வேண்டும். கீழே இருப்பவன் தொட்டியில் அள்ளிப் போட, டெரிக்கால் தூக்கி டெக்கில் கொட்டினார்கள். குண்டின் வால் இறகு தெரிந்தபோதுதான் அது ஆயிரம் பவுண்டு குண்டு என்று தெரிந்தது. சரி, எட்டிவிட்டோம் என்று நினைக்கும்போது விமானங்கள் மறுபடி வந்தன. பக்கத்தில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் கரி முழுக்கச் சரிந்து குண்டை மூடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இப்படி இரண்டு நாள் இரவு பகலாக, மொத்தம் 22 அடி. ஒவ்வொரு ஷவல் குத்தும் எதில் படுமோ என்று தெரியாமல்! எனக்கு அந்த வேலை கொடுத்திருந்தால் நான் முன்வந்திருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

ஒருவழியாக டெக்குக்கு வந்ததும், மூர்மான்ஸ்க்கிலிருந்து வந்த ரஷ்ய அதிகாரி, குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரைத் திருகினார். சற்றுத் திரும்பியதும் அது இறுகிக்கொண்டது. மனிதர் சின்னச் சுத்தியலும், உளி மாதிரி ஓர் இரும்புக் குச்சியும் எடுத்து டக் டக் என்று தட்ட ஆரம்பித்தாராம்! பக்கத்தில் நின்ற ரேடியோ ஆபீசர் பிற்காலத்தில் சொன்ன விவரம் இது. கழன்று வந்தது. குண்டைக் கோலா வளைகுடாவிலேயே தள்ளிவிட்டார்கள்.

அத்தோடு ஊர் திரும்பினார்களா என்றால் இல்லை. அந்தக் கோடையில் கான்வாயே ஓடவில்லை, நவம்பர் வரை ரஷ்யாவிலேயே மாட்டிக்கொண்டார்கள். கேப்டன் உட்பட சிலருக்கு ஓபிஇ என்ற பிரிட்டிஷ் விருது, மற்றவர்களுக்கு அரசரின் பாராட்டு கிடைத்தது. ஆனால் ஆர்க்டிக் ஓட்டத்துக்கென்றே ஒரு பதக்கம் கொடுக்க பிரிட்டிஷ் அரசுக்கு 2013 வரை ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

அத்தனை பாடுபட்டு மீட்ட கப்பலை, 1944 ஜூனில் நார்மண்டியின் சோர்டு கடற்கரைக்கு எதிரே கொண்டுபோய், அலை தடுக்கும் சுவராக அவர்களே மூழ்கடித்தார்கள். படகுகள் ஒதுங்க ஒரு சுவர் தேவைப்பட்டது, பழைய கப்பல்தானே! சரக்குக் கப்பலின் வாழ்க்கை அப்படித்தான்.

கட்டுரையை மாற்றச் சொல்லவில்லை. வரும் ஞாயிறு 'திருத்தம்' பகுதியில், அந்தப் படத்தில் இருப்பது சரக்குக் கப்பல் என்று ஒரே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன் ஒருவர்,
தூத்துக்குடி.