புதுக்குடி ஆச்சிக்கு

புதுக்குடி மக்களுக்கும், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் ஐந்து தோழிகளும் சென்னை வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. இந்த 2023 டிசம்பர் வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பி உங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் வண்டியில் மாட்டிக்கொண்ட ஏறக்குறைய 800 பேரில் நாங்களும் இருந்தோம். நடந்ததையெல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள், திரும்பச் சொல்லப் போவதில்லை. அம்மா இன்னும் ராத்திரியில் எழுந்து வந்து நான் படுத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். எனக்கும் ஃபேன் சத்தம் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் கேட்கிறது. கொஞ்ச நாள் போகட்டும், நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

முதலில் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியை நிறுத்தி வைத்தபோது, "மழைதானே, எடுக்கச் சொல்லுங்க" என்று கத்தியவர்களில் நாங்களும் உண்டு. தாதன்குளம் பக்கம் ஜல்லியெல்லாம் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை அப்புறம் பார்த்தோம். கை நடுங்கிவிட்டது. அந்த இருட்டில் நாங்கள் கேட்டபடி வண்டியை விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் சார்.

சொந்த வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டி எங்களுக்குச் சோறு பொங்கியவர்கள், கைக்குழந்தைகளுக்கு எங்கிருந்தோ பால் கறந்து கொண்டுவந்தவர்கள், செவ்வாய்க்கிழமை கயிறு பிடித்துக் கரையேற்றிய பேரிடர் மீட்புப் படை வீரர்கள், ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போட்டவர்கள், வெள்ளூரிலிருந்து மணியாச்சிக்குப் பஸ் ஓட்டிய அண்ணன்மார்கள், தன் போனை அணைத்து வைத்துவிட்டு எங்களுக்குப் பவர் பேங்கைக் கொடுத்த எதிர் சீட்டு மாமா, உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஐந்து வீட்டின் நன்றி.

இனி நான் எழுத வந்த விஷயம். ஒரு ஆச்சியைப் பற்றி.

இதைப் பொதுவில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் அவர் செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

திங்கட்கிழமை மதியம் இருக்கும். பெட்டியில் கரண்ட் இல்லை. கழிவறைக் குழாய் எப்போதோ வற்றிவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் எனக்கு மாதவிலக்கு வந்திருந்தது, நான்கு நாள் முன்னதாக. பையில் இருந்தது இரண்டே நாப்கின். தோழிகளிடம் இருந்ததைப் பக்கத்துப் பெட்டி அக்கா ஒருத்தர் கேட்டு வாங்கிப் போயிருந்தார். சுற்றிலும் எல்லோரும் குடிதண்ணீருக்கும் பிள்ளைகளின் பாலுக்கும் அல்லாடிக்கொண்டிருக்க, இதைப் போய் யாரிடம் சொல்வது? எழுந்தால் தெரிந்துவிடுமோ என்று பயம். கோயில் சோறு வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் ஆச்சி ஏறினார். எழுபது வயதுக்குக் குறையாது. முழங்காலுக்கு மேல் நனைந்த சேலை. ஒரு கையில் தூக்குவாளி, அக்குளில் இடுக்கிய மஞ்சப்பை. தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பி. ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டே வந்தவர், நாங்கள் இருந்த இடத்தில் நின்று, குனிந்து, குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் துணி வேணுமா தாயி?" என்றார்.

மாற்றுத் துணி என்று நினைத்த என் தோழி, "பரவாயில்ல பாட்டி, காஞ்சிரும்" என்றாள்.

"அது இல்ல பிள்ள. வீட்டுக்குத் தூரமாயிட்டா வைக்கதுக்குக் கேக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆச்சிக்கு அது போதுமாயிருந்தது. தூக்குவாளியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மஞ்சப்பைக்குள் ஒரு பாலிதீன் பை, அதற்குள் ஒரு பழைய நூல் சேலை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பெட்டியில் அத்தனையும் ஈரமாய்க் கிடக்க அது மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது, சோப்பு வாசம்கூட இருந்தது. ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று நேராகக் கிழித்தார். கரையைத் தனியாக உரித்தெடுத்து, "கர குத்தும், அத வைக்காத. இடுப்புல கட்டிக்க" என்று கையில் கொடுத்தார். ஏழெட்டுத் துண்டுகளை மடித்து மடித்து என் மடியில் அடுக்கினார்.

"நல்ல சேலையக் கிழிக்கிறீங்களே ஆச்சி" என்றேன்.

"வீடே தண்ணிக்குள்ள கெடக்கு. சேலை ஒரு சேலையா? பரண்ல ஏத்துன பெட்டியில கெடந்துது, எடுத்துட்டு வந்தேன்."

கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. நான் வெளியே வரும்வரை வாசலில் முதுகைக் காட்டி நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். கை கழுவ ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருந்தார். எல்லோரும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு கையை நீட்டினார். "பழசப் பொட்டலமாக் கட்டி எங்கிட்டத் தா. தண்டவாளத்துல போடாத. தண்ணி வடிஞ்சா ஒரு மனுசன் வந்து கையால அள்ளணும்லா."

நான் தயங்கினேன். அவரே வாங்கி, பாலிதீன் பையில் போட்டு முடிந்து, மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார். பெற்ற அம்மாவிடம்கூட இதைக் கொடுக்க எனக்குக் கை வந்திருக்காது. அதுவரை அழாதவள் அங்கே அழுதுவிட்டேன்.

"அழுதா பசிக்கும். சோறு தின்னியா?"

இல்லை என்றதும் பிளாட்பாரத்தில் இறங்கிப்போய், வாழை இலையில் ரசஞ்சோறு வாங்கி வந்து கொடுத்தார். நான் சாப்பிடத் தொடங்கியதும் எழுந்து போய்விட்டார். அடுத்த பெட்டியில் அதே தாழ்ந்த குரல் கேட்டது. மிச்சமிருந்த பாதிச் சேலையும் அங்கே கிழிந்திருக்கும்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று ஊர் வந்த பிறகு படித்தோம். அப்படி ஒரு மழைக்கு யாராலும் தயாராக முடியாதுதான். ஆனாலும் எங்கள் தவறை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்ததைக் கண்ணால் பார்த்தோம். அப்படி இருந்தும், செமஸ்டர் லீவு, மணப்பாடு கடற்கரை, திருச்செந்தூர் தரிசனம் என்ற சந்தோஷத்தில் மழை எச்சரிக்கையை ஒருத்திகூட எடுத்துப் பார்க்கவில்லை. பையில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். போன் அணைந்ததும் அப்பா நம்பர் மனப்பாடமாக இல்லாமல் ஒருத்தி தவித்தாள். இனி லீவுக்கு எங்கே போனாலும் வானிலை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஒருநாள் சாப்பாடு கூடுதலாக இருக்கும், வீட்டு நம்பர் காகிதத்தில் இருக்கும். அப்புறம், துவைத்துக் காய்ந்த ஒரு நூல் சேலையும் இருக்கும். எங்களுக்கு வேண்டியிருக்காது என்றாலும், பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குனிந்து கேட்க வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து எடுத்த முடிவு இது.

புதுக்குடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. ஆச்சியின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியின் இடது காலில் வெள்ளை நூல் சுற்றியிருக்கும். மாம்பழ மஞ்சள் சேலையைக் கிழித்துக் கொடுத்தவர் என்று சொன்னால் அவருக்கே தெரியும். அவரைக் கண்டால் இதை வாசித்துக் காட்டுங்கள், காதோரமாக, மெதுவாக. வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டதா, பரண் பெட்டி பத்திரமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த அரக்குக் கரை என்னிடம்தான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன். தண்டவாளம் சரியாகி வண்டி ஓடத் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் வருகிறோம், பகல் வண்டியில்.

அன்புடன்,
காப்பி வாங்கிக் குடித்த ஐந்து பிள்ளைகள்