பெயிஸ்லியிலிருந்து அம்மாவுக்கு

பெயிஸ்லி, ஸ்காட்லாந்து
ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, தம்பி, பாட்டி எல்லோரும் நலமா? போனில் பேசினால் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்பதற்குள் உனக்கு அடுப்பு நினைவு வந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடி மாற்றும்வரை தம்பி படித்துக் காட்டட்டும். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், அவருக்கும் இதில் சேதி இருக்கிறது.

முதலில் நீ கேட்பவற்றுக்குப் பதில். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கிளாஸ்கோ. அங்கே அரிசி, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. இது கோடைக்காலம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை, நைட் டியூட்டி முடித்து வந்து திரையை இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்குகிறேன். மழை மட்டும் நினைத்தபோது வருகிறது. வார்டில் இருக்கும் வயதானவர்கள் அன்பானவர்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் இப்போது காதுக்குப் பழகிவிட்டது.

சரி, ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நான் வந்து சேர்ந்தது ஒரு நெசவாளர் ஊர் அம்மா. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது இது எனக்குத் தெரியாது. சில்க் ஸ்ட்ரீட், காட்டன் ஸ்ட்ரீட், ஷட்டில் ஸ்ட்ரீட் என்று தெருப் பெயர்களிலேயே பட்டும் பருத்தியும் தறி நாடாவும் இருக்கின்றன. நம் புடவைக் கரையில் வரும் மாங்காய் இருக்கிறதே, அதற்கு உலகம் முழுக்க இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மாங்காய் என்னவோ இவர்களுடையது இல்லை. காஷ்மீர் சால்வைகள் கப்பலேறி இங்கே வந்தன, சீமாட்டிகள் ஆசைப்பட்டார்கள், விலை எட்டவில்லை. அதைப் பார்த்து 1805 வாக்கில் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் தறியில் நெய்ய ஆரம்பித்தார்கள். 1870களில் பெண்களின் உடுப்பு மாறியதும் சால்வை போட ஆளில்லாமல் போய்விட்டது. தறிகளும் போயின. அப்புறம் இங்கே பெரிதாக ஓடியது தையல் நூல் மில். மதுரா கோட்ஸ் என்கிறோமே, அந்தக் கோட்ஸ் இந்த ஊர்க் குடும்பம்தான். மதுரைப் பெரியப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

ஷட்டில் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய நெசவாளர் வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் எனக்கு நம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம்தான் நினைவுக்கு வந்தது. கீழ் அறை முழுக்கத் தறி, மீதி இடத்தில் குடும்பம். நம்முடையது போலக் குழி இல்லை, பலகையில் உட்கார்ந்து மிதிக்கிறார்கள். மற்றபடி தறியின் விழுது, அச்சு, நாடா, நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய தார் எதற்கும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டிய பெரியம்மா ஒருவர், டிசைனுக்கு நூலைத் தானே தூக்கும் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு பையன் தறியருகே நின்று டிசைனுக்கு நூல் இழுத்துக் கொடுப்பான் என்றார். நானும் அந்த வேலை பார்த்தவள்தான் என்றேன். புடவை உடலோடு வேறு நிறக் கரையை இணைக்க அப்பா கோர்வை போடும்போது மறு கரைக்கு நாடா தள்ள ஆள் வேண்டுமே, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் உட்கார்ந்த இடம் அதுதானே! அந்தப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்தான் என்னைக் கைத்தறிக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். ஸ்வீடனில் கந்தல் துணியைக் கிழித்து விரிப்பு நெய்பவர், பெருவிலிருந்து இடுப்பில் தறி கட்டி நெய்யும் பெண், வங்காளத்தில் ஜம்தானி என்ற பூவேலைத் துணி நெய்பவர், இப்படிப் பலர். வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம். பாதிப் பேருக்கு ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. தறியைக் காட்டினால் போதும், பேச்சு நடந்துவிடும்.

தம்பி போன மாதம் அனுப்பிய வீடியோவை அங்கே போட்டேன். நீ பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, பிணைக்கிற வீடியோ. தறியில் மிச்சமிருக்கும் பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் சேர்த்துப் பிடித்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு, அப்புறம் ஒரு மடக்கு. முடிச்சே கிடையாது, இழுத்தால் பிரியாது. அடுத்த இழை. ஆயிரக்கணக்கான இழையை நீ அப்படிக் கடந்துபோவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். விரல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டார்கள். ஸ்வீடன் அம்மா தன் தறியில் செய்து பார்த்து, வரவில்லை, இன்னொரு முறை பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல் என்றார்.

அப்போது பெருவிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்: இந்த வேலைக்கு உன் அம்மாவுக்கு என்ன கூலி?

கூலி புடவைக்கு, அது அப்பா பெயரில் வரும் என்றேன். அது நெய்வதற்கு, பிணைத்ததற்கு எவ்வளவு என்று திரும்பக் கேட்டாள். நம் வீட்டில் அப்படி ஒரு கணக்கே கிடையாது அம்மா. தார் சுற்றுவதும், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது இழை ஒட்டாமல் பிரித்துவிடுவதும், முந்திக்கு வேறு நிறப் பாவைச் சேர்த்துப் பெட்னி போடும்போது கூட உட்கார்ந்து கோத்துக் கொடுப்பதும் எல்லாமே கூலிப் புத்தகத்துக்கு வெளியே. கூலி கொடுப்பவரும் நெய்த புடவையை மடித்துப் பார்த்து, எடை போட்டு, ஒரே தொகையாகத் தருகிறார்.

இதே வழக்கை இந்த ஊர் நெசவாளர்கள் நடத்தியிருக்கிறார்கள். அதற்குத்தான் நேற்று திருவிழா. சால்வையில் குறுக்கே பல வண்ண ஊடை நூல் போகும்போது அவற்றைக் கட்டிப்போட நடுநடுவே மெல்லிய இழை ஒன்றை ஓட்டுவார்கள். ஸ்மா ஷாட் என்று பெயர். டிசைனில் அது தெரியவே தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் சால்வை பிரிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாததற்குக் கூலி இல்லை என்றார்கள் முதலாளிகள். நெசவாளர்கள் விடவில்லை, நீண்ட காலம் போராடி 1856இல் அந்த இழைக்கும் கூலி வாங்கினார்கள். அதிலிருந்து ஜூலை முதல் சனிக்கிழமை ஸ்மா ஷாட் நாள். அந்தக் காலத்தில் நெசவாளர்களைக் கூட்டத்துக்கு அழைக்க அடித்த முரசின் நினைவாக முரசு முன்னால் போகிறது, சங்கக் கொடிகளும் குழந்தைகளும் பின்னால். கடைசியில் முதலாளியின் உருவ பொம்மையைக் கொளுத்துகிறார்கள்.

நீ கொடுத்தனுப்பிய அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு நானும் போனேன். மாங்காய்க் கரையைப் பார்த்துப் பலர் நிறுத்திப் பேசினார்கள். யார் நெய்தது என்று கேட்டவர்களிடம் என் அப்பாவும் அம்மாவும் என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுதான் உண்மையும்கூட.

இதை அப்பாவைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் முதுகு படும் பாடு எனக்குத் தெரியும். 1953இல் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றதைத் தாத்தா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், நெசவாளிக்கு நியாயம் என்றால் முதலில் எழுந்து நிற்பவர். அந்த நியாயத்தில் உனக்கும் பங்கு வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் 35 லட்சத்துச் சொச்சம் கைத்தறிக்காரர்களில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை நெசவு சார்ந்த வேலை பார்ப்பவர்கள் என்று தனியாக எண்ணியிருக்கிறார்கள். அரசாங்கமே எண்ணுகிறபோது நம் வீட்டில் எண்ணக் கூடாதா?

தம்பி, இது உனக்கு. போன் வழியாக நீ நேரே விற்கிற புடவைகளுக்கு இனி ஒரு சீட்டு வை. நெய்தது அப்பா, பாவு பிணைத்ததும் தார் சுற்றியதும் அம்மா என்று இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். விலை போடும்போது பட்டு, ஜரிகை, நெசவுக் கூலி என்று பிரிக்கிறாயே, அதில் அம்மா வேலைக்கு ஒரு வரி சேர். அந்தப் பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் போகட்டும். எவ்வளவு என்பதை நீயாக முடிவு செய்யாதே. பக்கத்துத் தெருவில் பணம் கொடுத்துப் பாவு பிணைக்க ஆள் வைக்கிறவர்களிடம் விசாரி. குழுவில் இரண்டு பேர் புடவை கேட்டிருக்கிறார்கள், அந்த வரியோடு விலை அனுப்பு.

ஆகஸ்ட் 7 கைத்தறி நாள். அன்று குழுவில் அம்மா நேரடியாகப் பிணைத்துக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நமக்கு மாலை ஐந்தரை என்றால் இங்கே மதியம் ஒரு மணி, அது தோதாக இருக்கும். போனை மேலேயிருந்து பிடிக்காதே, விரல் மறைகிறது. பாவுக்குப் பக்கவாட்டில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி வை. அம்மா, நீ பேச வேண்டியதில்லை, நான் சொல்லிக்கொள்கிறேன். பேசினாலும் நல்லதுதான், அவர்களுக்கு உன் குரல் கேட்க ஆசை.

கண்ணாடிக்குப் பணம் போட்டிருக்கிறேன். அதை வேறு செலவுக்கு எடுத்துவிடாமல் இந்த வாரமே போய் மாற்றிக்கொள். பாட்டிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மகள்