எருக்குழிப் பயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகரா,

ஆறு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. காரணம் சொன்னால் நம்பமாட்டாய், சொல்லாமல் விட்டால் திட்டுவாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பெல்லாரியில் வேலை. போன மாதம்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மணியும் வருவதாகச் சொல்லிவிட்டு, வழக்கம்போல ரயில் ஏறும் நேரத்தில் கழன்றுகொண்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு ஹம்பிக்குக் கிளம்பினோம். குடதினி பக்கம் போகும்போது டிரைவர் வண்டியை ஓரங்கட்டி ஒரு மேட்டைக் காட்டினார். இடும்பனைப் பீமன் கொன்று எரித்த சாம்பலாம். கன்னடத்தில் பூதி என்றால் சாம்பல். நம் விபூதிதான்.

பக்கத்தில் போனால் சாதாரண மண்மேடு மாதிரித்தான் இருந்தது. சரிந்துபோன ஓர் இடத்தில் மட்டும் உள்ளே தெரிந்தது. வெளுத்த சாம்பல் ஓர் அடுக்கு, அதன்மேல் கொல்லன் பட்டறைக் கசடுபோலக் கட்டி கட்டியாக இன்னோர் அடுக்கு. ஒரு கட்டியைத் தூக்கினேன். தேங்காய் அளவு இருந்தது, தேங்காய் மூடியின் கனம்கூட இல்லை. உள்ளெல்லாம் குமிழ் ஓட்டை, உடைந்த பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. (எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன், பிரசங்கத்தை ஆரம்பிக்காதே.)

அது என்ன தெரியுமா? சாணிடா! மலைமலையாகச் சாணி, எரித்த சாணி. எனக்கு உன் ஞாபகம் வராமல் வேறு யார் ஞாபகம் வரும், சொல்.

ஊருக்கு வந்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி மேடுகளை எரிமலைக் கக்கல் என்றிருக்கிறார்கள், இரும்பு உலைக் கழிவு என்றிருக்கிறார்கள். ஹம்பி பக்கத்து நிம்பாபுரம் மேடு வாலியின் சிதை என்பது ஊர்க்கதை. ராபர்ட் சிவெல் என்ற வெள்ளைக்காரர், விஜயநகரத்தில் உடன்கட்டை ஏறியவர்களின் சாம்பலாக இருக்கலாம் என்று எழுதினார். சாணி என்று முதலில் மோப்பம் பிடித்தவர் யார் தெரியுமா? உங்கள் பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரி எடுத்தாரே, அதே புரூஸ் ஃபுட். ஏற்காட்டில் நினைவுச்சின்னம் இருக்கிறதே, அவர்தான். அவர் சொல்லிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஜோய்னர் என்பவர் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்து உறுதி செய்தார். மாடு தின்ற புல்லில் இருக்கும் சிலிக்கா கடும் சூட்டில் உருகித்தான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு.

ஆக, புதிய கற்கால மாட்டுக்காரர்கள் வேலை. 4,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கேதான் எனக்குத் தூக்கம் போயிற்று: எதற்காக எரித்தார்கள்? அடுத்த வீட்டுக்காரன் ஒரு கூடை எருவைத் தூக்கிவிட்டான் என்று மூன்று வருஷம் பேச்சை நிறுத்தியவர் என் தாத்தா. எருவை மலையாகக் குவித்துக் கொளுத்துவது என்றால் அவர் மயங்கியே விழுந்திருப்பார்.

தெலங்கானாவில் உட்னூர் மேட்டை 1957-இல் தோண்டியவர் ஆல்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர். மரத்தூண்களை நட்டு மாட்டுப் பட்டி அடைத்திருந்த தடம் கிடைத்தது. பட்டி எரிந்திருக்கிறது, மறுபடி கட்டியிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது. மாட்டுக் குளம்பு பதிந்த தடம்கூட அப்படியே இருந்ததாம். வருஷத்தில் ஒரு பருவத்தில் சடங்காகக் கொளுத்தியிருப்பார்கள் என்றார். ஹோலி, பொங்கல் வரைக்கும் நூல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். போகியன்று பழைய பாயை எரிக்கும் நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

அப்புறம் பட்டையா என்ற இன்னொரு ஆய்வாளர் வந்தார். கர்நாடகத்தில் பூதிஹாள் என்ற ஊரில் வருஷக்கணக்காகத் தோண்டினார். மேட்டை ஒட்டியே பட்டி, வீடுகள், மாடு அறுத்த களம் எல்லாம் இருந்தன. ஊர் வாழ்ந்திருக்கிறது, பட்டியைக் கூட்டி ஒதுக்கிய சாணிதான் மேடு என்பது அவர் கட்சி. குப்பைமேடு! நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன், வீடுகளுக்கு நடுவே பானையில் வைத்துப் புதைத்த குழந்தைகள் என்ற வரி வரும்வரை. அன்று அதற்குமேல் படிக்க முடியவில்லை. உனக்குத் தெரியும்.

யோஹான்சன் என்பவர் இன்னொன்று சொல்கிறார்: குவிப்பதும் எரிப்பதும் மூடுவதுமாகத் திரும்பத் திரும்பத் திட்டமிட்டு எழுப்பிய சின்னங்கள் இவை, கோபுரம் மாதிரி. எனக்கு இது பாதி பிடிக்கிறது. முதல் நாள் கொட்டியவனுக்குத் திட்டம் ஒன்றும் இருந்திருக்காது. பேரன் காலத்தில் மேடு தலைக்குமேல் வளர்ந்தபிறகு, "எங்கள் மாடு எவ்வளவு பார்" என்று தூரத்து ஊர்க்காரனுக்குக் காட்டத் தோன்றியிருக்கும். நம் ஊரில் வைக்கோல்போர் உயரத்தைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்கள் இல்லையா?

இப்போது சில இடங்களில் அந்தச் சாம்பலை வெட்டி வயலுக்கு எருவாகப் போடுகிறார்களாம். தாத்தா இருந்திருந்தால் நிம்மதியாகியிருப்பார். குடதினியிலேயே அனல்மின் நிலையம் வேறு சாம்பல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வேலை செய். உங்கள் அம்மாவிடம் கேள்: கோமாரி வந்தாலோ உண்ணி பெருகினாலோ கொட்டிலின் குப்பையை எரிப்பார்களா, இல்லை அப்போதும் எருக்குழியில்தான் போடுவார்களா? மாடு வைத்திருந்தவர்கள் சொல்வதுதான் எனக்கு வேண்டும். கேட்கும்போது, நீ அந்தக் குழியில் விழுந்து எழுந்த நாளையும் ஞாபகப்படுத்து. உடனே பதில் போடு. ஆறு மாதக் கணக்கெல்லாம் எனக்கு மட்டும்தான் செல்லும்.

உன்,
ராமு